2147483647: ஒரு பகா எண்ணைப் பற்றி மதுரைப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

பகா எண் பாடம் ஆரம்பித்ததுமே பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "இருக்கிறதிலேயே பெரிய பகா எண் எது சார்?" அதற்கு விடை நாலு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட ஓர் எண். செய்தியாகக் கேட்டு வியக்கலாம். கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. அதனால் நான் 2147483647 என்ற பத்து இலக்க எண்ணை வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துகிறேன். கடைகளில் கணக்குப் போடும் பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டரும் ஒரு நோட்டும் இருந்தால் இந்த எண்ணின் உள்ளே எவ்வளவோ தூரம் போய் வரலாம். மதுரையிலும் மேலூர், திருமங்கலம் பக்கத்திலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த எண்ணில் அப்படி என்ன விசேஷம்? ஏதோ ஒரு பத்து இலக்க எண் மாதிரிதானே இருக்கு?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்று வாசித்தால் ஒன்றும் தெரியாது. 2-ஐ 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் இது வரும். அதாவது 2³¹ − 1. 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் இரும முறையில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், நடுவில் ஒரு சுழியம்கூடக் கிடையாது. இந்த எண்ணின் குணங்கள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிறக்கின்றன. கீழே வரும் பதில்களில் "2³¹-ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1" என்ற வரி பல இடங்களில் தலைகாட்டும். அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2ⁿ − 1 என்ற வடிவில் வரும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பார்கள். மரென் மெர்சென் பிரான்சு நாட்டுத் துறவி. 3, 7, 31, 127, 8191, 131071, 524287 ஆகிய ஏழுக்கும் அடுத்து, எட்டாவதாக நிற்பது நம் எண்.

பகா எண்தான்னு எப்படி நம்புறது? எல்லா எண்ணாலயும் வகுத்துப் பார்க்கணுமா?

எல்லா எண்ணாலும் வேண்டாம். ஓர் எண்ணுக்குக் காரணிகள் இருந்தால் அவற்றில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. முதலில் ஊர்க் கணக்கு இரண்டு. மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ளபடி இருக்கும் தூண்கள் 985. கடைசி இலக்கம் 5. பார்த்த மாத்திரத்தில் 5 × 197. அடுத்தது மதுரையின் அஞ்சல் குறியீடு, 625001. இது பார்த்த மாத்திரத்தில் உடையாது. 3, 7, 11 எதிலும் மீதி வரும். 13-இல் உடையும்: 624000-உம் 13-இன் மடங்கு, 1001-உம் 13-இன் மடங்கு. முழுவதும் உடைத்தால் 13 × 131 × 367.

நம் எண்ணின் வர்க்கமூலம் 46340-ஐக் கொஞ்சம் தாண்டும். அதுவரை 4792 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுத்து ஒவ்வொன்றிலும் மீதி வந்தால்தான் இது பகா எண் என்று சொல்லலாம். செய்ய முடியாத வேலை என்று சொல்லமாட்டேன், ஆனால் நோட்டு நோட்டாகத் தீரும்.

அப்போ ஆய்லர் எப்படிச் செஞ்சார்? அவர்கிட்ட கால்குலேட்டரே இல்லையே?

கணித மேதை லெயோனார்ட் ஆய்லர் 1772-இல் இதைப் பகா எண் என்று நிறுவினார். அப்போது அவர் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அந்த நிலையில் 4792 வகுத்தல்களைச் செய்யச் சொல்வது எவ்வளவு கொடுமை! வகுத்தலைக் குறைக்க வழி தேடினார், கண்டும்பிடித்தார். இந்த எண்ணுக்குக் காரணி ஏதாவது இருந்தால் அது 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி வரும் பகா எண்ணாகத்தான் இருக்க முடியும். 46340-க்குள் அப்படிப்பட்ட எண்கள் எத்தனை? 1 மீதி வருபவை 249 முதல் 46129 வரை 186. 63 மீதி வருபவற்றில் 63-ஐ விட்டுவிட்டால் 311 முதல் 46191 வரை இன்னொரு 186. ஆக மொத்தம் 372. இதிலும் பெரும்பாலானவை பகு எண்கள், பார்த்ததும் தள்ளிவிடலாம்: 249 என்பது 3 × 83, 497 என்பது 7 × 71, 559 என்பது 13 × 43. உண்மையிலேயே வகுக்க வேண்டியவை நூற்றுக்கும் குறைவு.

நாலாயிரத்துச் சொச்சம் வேலை நூற்றுக்குள் அடங்கிவிட்டது. எண் கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அந்த 248 எங்கிருந்து வந்தது? சும்மா மனப்பாடம் பண்ணச் சொல்லாதீங்க.

மனப்பாடம் வேண்டாம். பத்தாம் வகுப்பு மட்டு எண்கணிதம் படித்திருந்தால் போதும்.

q என்ற பகா எண் 2³¹ − 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐ q-ஆல் வகுத்தால் மீதி 1. இனி 2, 4, 8, 16 என்று அடுக்குகளை வரிசையாக q-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். மீதி 1 முதன்முதலாக எந்த அடுக்கில் வருகிறதோ, அதன் மடங்குகளில் மட்டும்தான் மறுபடியும் மீதி 1 வரும். 31-இல் வந்திருக்கிறது. 31 பகா எண். அதற்கு 1, 31 தவிர வகுத்தி கிடையாது. முதல் அடுக்கிலேயே மீதி 1 வர வாய்ப்பில்லை, ஏனென்றால் 2 − 1 = 1, அதை எந்தப் பகா எண்ணும் வகுக்காது. ஆக, முதன்முதலாக மீதி 1 வருவது சரியாக 31-இல்.

இங்கே ஃபெர்மாவின் சிறு தேற்றம் உள்ளே வருகிறது: q ஒற்றைப்படைப் பகா எண் என்றால் 2-இன் (q − 1)-ஆவது அடுக்கிலும் மீதி 1 வந்தே தீரும். எனவே q − 1 என்பது 31-இன் மடங்கு. q ஒற்றை எண், ஆகவே q − 1 இரட்டை எண்ணும்கூட. அதாவது 62-இன் மடங்கு. காரணி எதுவானாலும் 62k + 1 வடிவம்தான்.

இன்னொரு பிடியும் இருக்கிறது. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அப்படியானால் q-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் உலகத்தில் 2 ஒரு முழு வர்க்கம். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வரும் ஒற்றைப் பகா எண்களுக்கு மட்டுமே இந்தக் குணம் உண்டு. 62k + 1-ஐ 8-ஆல் வகுத்துப் பார்த்தால், k-ஐ 4-ஆல் வகுக்கும்போது மீதி 0 அல்லது 1 வந்தால்தான் இது பொருந்தும் என்று தெரியும். k = 4j என்றால் 248j + 1; k = 4j + 1 என்றால் 248j + 63. அவ்வளவுதான் 248-இன் கதை.

பொடி எண் ஒன்றில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2¹¹ − 1 = 2047. காரணி இருந்தால் 22k + 1 வடிவில் இருக்க வேண்டும். k = 1 என்று போட்டால் 23. 23 × 89 = 2047. 89-உம் 22 × 4 + 1.

அப்படீன்னா 2-க்கு மேல பகா எண்ணைப் போட்டா விடையும் பகா எண்ணா வராதா?

இப்போதுதான் 2047 உடைந்ததைப் பார்த்தோம். 11 பகா எண், விடை பகு எண். அடுக்கு பகா எண்ணாக இருப்பது கட்டாயம், அது மட்டும் போதாது. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடை நிச்சயம் உடையும்: 2¹⁵ − 1 = 32767-ஐ 2³ − 1 = 7-உம் வகுக்கும், 2⁵ − 1 = 31-உம் வகுக்கும்.

மெர்சென் 1644-இல் 257 வரைக்கும் எந்தெந்த அடுக்குகள் தேறும் என்று பட்டியல் போட்டார். 31-ஐச் சரியாகச் சேர்த்தார். ஆனால் தேறாத 67, 257 இரண்டையும் சேர்த்துவிட்டார். தேறும் 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய எண்களைத் தொட்டுப் பார்க்கத் துணிந்ததே பெரிய காரியம். அதனால் அவர் பெயர் நிலைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

வகுக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. எதுவார் லூக்கா 19-ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்து, டெரிக் ஹென்றி லேமர் 1930-இல் செம்மையாக்கிய சோதனை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வர்க்கம், மறுபடி 2 கழித்தல். அடுக்கு p என்றால் இதை p − 2 முறை செய்ய வேண்டும். கடைசியில் 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண்.

31-க்குச் செய்து பார்ப்போம். அது 2⁵ − 1, ஆகவே மூன்று முறை. 4; அடுத்தது 14; அடுத்தது 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8; அடுத்தது 64 − 2 = 62, மீதி 0. தேறிவிட்டது.

நம் எண்ணுக்கு 29 முறை. 4, 14, 194, 37634, 1416317954 என்று போகும். அதற்குமேல் கால்குலேட்டர் தாங்காது, கணினி வேண்டும். ஆனால் கடைசிக்கு முந்தைய படியைக் கையாலேயே பார்க்கலாம். 28-ஆவது முறையில் வருவது 65536. அதன் வர்க்கம் 4294967296. இரண்டைக் கழித்தால் 4294967294. அது சரியாக 2 × 2147483647. மீதி 0.

65536 என்பது 2¹⁶. மேலே 248-ஐத் தேடும்போது "2 ஒரு முழு வர்க்கம்" என்று சொன்னோமே, அந்த வர்க்கமூலமே இதுதான். ஆய்லரின் வழியும் லூக்கா வழியும் வேறு வேறு என்று தோன்றும். இரண்டும் இந்த எண்ணில் வந்து கைகோக்கின்றன. இதை முதன்முதலில் பார்க்கும் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

ஃபெர்மா தேற்றத்தையே நேரா வெச்சு சோதிக்கக் கூடாதா? 2-இன் அடுக்கு எடுத்துப் பார்த்தா போதுமே?

மெர்சென் எண்களில் அது உதவாது. அடுக்கு பகா எண்ணாக இருக்கும் எல்லா மெர்சென் எண்ணும், பகு எண்ணாக இருந்தாலும், 2-ஐ வைத்துச் செய்யும் சோதனையில் தேறிவிடும். 2047-ஐப் பாருங்கள்: 2¹¹-க்கு மீதி 1, 2046 என்பது 11 × 186, ஆகவே 2-இன் 2046-ஆவது அடுக்குக்கும் மீதி 1. ஆனாலும் 2047 பகு எண். இந்தக் குடும்பத்தில் 2 உறவுக்காரர், சாட்சிக்கு 3-ஐக் கூப்பிட வேண்டும்.

நிறைவெண்ணோட இதுக்குச் சம்பந்தம் இருக்காமே?

தன்னைத் தவிர மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண் நிறைவெண்: 6 = 1 + 2 + 3; 28 = 1 + 2 + 4 + 7 + 14. 2ⁿ − 1 பகா எண் என்றால் அதை 2-இன் (n − 1)-ஆவது அடுக்கால் பெருக்க நிறைவெண் கிடைக்கும் என்பதை யூக்ளிட் சொல்லிவிட்டார். இரட்டை நிறைவெண்கள் எல்லாம் இப்படித்தான் பிறக்கும் என்பதை ஆய்லர் நிறுவினார். நம் எண் தரும் நிறைவெண் 2305843008139952128.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் ஒருகாலும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத இந்த வேலையில் யாரும் இறங்கவே மாட்டார்கள் என்று எழுதினார். 1876-இல் லூக்கா 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1-ஐப் பகா எண் என்று நிறுவிவிட்டார். பயனில்லை என்றாலும் மனிதர்கள் தேடுவார்கள் என்பதைப் பார்லோ கணக்கில் எடுக்கவில்லை.

சி லேபில் இந்த எண்ணைத் தாண்டினா மைனஸ் வருது. ஏன்?

பொறியியல் முதலாண்டுப் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது. சி மொழியில் இன்ட் என்று அறிவித்தால் இன்று பெரும்பாலான கணினிகளில் 32 பிட் இடம் கிடைக்கும், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள். அதில் ஒன்று குறிக்கு, மீதி 31 மதிப்புக்கு. 31 இடத்திலும் 1 நிரம்பினால் நம் எண். அதற்குமேல் ஒன்றைக் கூட்டினால் குறிக்கான இடத்தில் 1 போய் விழுந்து, பெரும்பாலும் −2147483648 என்று காட்டும். சி மொழியின் விதிப்படி இதற்கு விடை இன்னது என்ற உத்தரவாதமே கிடையாது. அதனால் அதை நம்பி நிரல் எழுதாதீர்கள். கீழமாசி வீதி மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்கு நீங்கள் கணக்கு நிரல் எழுதி, தொகையைப் பைசாவில் இன்ட் ஆக வைத்தால், 2,14,74,836 ரூபாய் 47 பைசாவில் அது முட்டி நிற்கும். அந்தத் தெருவில் ஓர் ஆண்டு விற்றுமுதலுக்கு அது பெரிய தொகை இல்லை.

கணினியில் இந்த எண் எல்லையாக இருப்பதற்கும் பகா எண்ணாக இருப்பதற்கும் தொடர்பில்லை. 15 மதிப்பு பிட்டுகள் கொண்ட இடத்தின் எல்லை 32767. அது 7 × 31 × 151.

2038-ஆம் வருசப் பிரச்சினைன்னு சொல்றாங்களே, அதுவும் இதுதானா?

இதேதான். யூனிக்ஸ் வழிக் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய கருவிகளில் 2147483647-ஆவது நொடி கடைசி நொடி. நம் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. பொங்கலும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டும் முடிந்த கையோடு வரும் நாள். 64 பிட்டுக்கு மாறிய கருவிகளுக்குக் கவலை இல்லை.

பகா எண்ணா இருக்கிறதால கணினியில எங்கயாவது பிரயோசனம் உண்டா?

இருக்கிறது, அதுவும் அழகான இடத்தில். விளையாட்டு நிரலில் தாயம் உருட்டக் கணினிக்குச் சீரற்றதுபோல் தோன்றும் எண்கள் வேண்டும். மேலே சொன்ன அதே லேமர் தந்த வழி: ஓர் எண்ணை எடு, ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கு, நம் பகா எண்ணால் வகுத்து மீதியை எடு. அதுவே அடுத்த எண். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் பெருக்கும் எண்ணாக 16807-ஐப் பரிந்துரைத்தார்கள். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று தாவும். 10,000 முறை தாவிய பின் 1043618065 வர வேண்டும். நிரலைச் சரிபார்க்க இந்த எண் உதவும்.

16807 ஏன்? அது 7⁵. சித்திரைத் தேர் மாசி வீதி நான்கையும் விடாமல் சுற்றி நிலைக்கு வருவதுபோல, 7-இன் அடுக்குகள் 1 முதல் 2147483646 வரை ஒரு மீதியையும் விடாமல் தொட்டுவிட்டுத்தான் 1-க்குத் திரும்பும். 2-க்கு இந்தத் தகுதி இல்லை. அது 31 படியில் திரும்பிவிடும். 7-இன் ஐந்தாவது அடுக்கான 16807-க்கும் இந்தக் குணம் இருக்க வேண்டுமானால், 2147483646-ஐ 5 வகுக்கக் கூடாது. அதன் காரணிகள் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. ஐந்து இல்லை.

பெருக்கிய பிறகு வகுப்பதும் இங்கே சுலபம். 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால்தான் 9-க்கு இலக்கங்களைக் கூட்டினால் போதும். அதே காரணத்தால், x = a × 2³¹ + b என்றால் மீதிக்கு a + b-ஐக் கூட்டினால் போதும். தொகை நம் எண்ணைத் தாண்டினால் இன்னொரு முறை. கணினிக்கு வகுத்தலே தேவைப்படாது.

ஓடிபி, வங்கிப் பாதுகாப்புக்கு இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. மேலே சொன்ன வரிசையில் ஓர் எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும். 2048 பிட் ஆர்எஸ்ஏ என்ற ரகசியக் குறியீட்டு முறைக்கு முந்நூறு இலக்கத்துக்கு மேற்பட்ட இரண்டு ரகசியப் பகா எண்கள் வேண்டும். இது பத்தே இலக்கம், உலகத்துக்கே தெரிந்த எண்.

இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையா எழுத முடியுமா?

முடியாது. எந்த வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. இரண்டைக் கூட்டினால் 0, 1, 2 வரும்; 3 வராது. நம் எண்ணுக்கு மீதி 3. தூண் கணக்கில் வந்த 197-க்கு மீதி 1, அதனால் அது 14² + 1² என்று பிரியும்.

பக்கத்துல வேற பகா எண் இருக்கா?

கீழே 2147483629, மேலே 2147483659. இரட்டைப் பகா எண் சோடி இதற்கு அமையாது: இரண்டு குறைத்தால் 5-இல் முடிகிறது, இரண்டு கூட்டினால் 3-ஆல் வகுபடுகிறது. 2-இலிருந்து வரிசையாக எண்ணி வந்தால் நம் எண் 10,50,97,565-ஆவது பகா எண்.

நியூமராலஜிப்படி நல்ல எண்ணா?

இலக்கங்களைக் கூட்டினால் 46. அது நாம் பத்து பத்தாக எண்ணுவதால் வருவது. எட்டு எட்டாக எண்ணினால் வேறு தொகை வரும். பகாத் தன்மை எப்படி எழுதினாலும் மாறாது. நான் அதைத்தான் பார்க்கிறேன்.

2-க்கு மேலே இந்த எண்ணையே அடுக்காகப் போட்டா அதுவும் பகா எண்ணா?

கேட்க வேண்டிய கேள்வி. 31 = 2⁵ − 1 பகா எண்; 2³¹ − 1-உம் பகா எண். இதே வழியில் இன்னொரு படி ஏறினால்? அறுபது கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் வரும். அது பகு எண். 1983-இல் கை ஹாவொர்த் ஒரு காரணியைக் கண்டுபிடித்தார்: 295257526626031. ஆய்லர் தந்த அதே வடிவம்தான். ஒன்றைக் கழித்தால் 2 × 68745 × 2147483647. பெருக்கிப் பாருங்கள், இலக்கம் பிசகாமல் வரும்.

சரி, இப்போ இருக்கிறதிலேயே பெரிய பகா எண் எது?

2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டுபிடித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, இலக்கங்கள் 4,10,24,320. ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய கிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடலில் கிடைத்தது. உறுதி செய்ய உதவியதில் லூக்கா–லேமர் சோதனையும் உண்டு. மேலே 31-க்கு மூன்று வரியில் போட்டோமே, அதேதான்.

நாங்களே ஆய்லர் மாதிரி செஞ்சு பார்க்க எங்க ஆரம்பிக்கிறது?

நாலைந்து பேர் சேர்ந்து 372-ஐப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு மேசை கிடைத்தால் ஒரு நாளில் பாதி முடித்துவிடலாம். முதலில் ஆளுக்கு இரண்டு பத்தி: 249, 497, 745 ஒரு பக்கம், 311, 559, 807 மறு பக்கம், இரண்டிலும் 248 கூட்டிக்கொண்டே போக வேண்டும். 3, 5, 7, 11, 13-இல் உடைபவற்றை அடித்துவிடுங்கள். நின்றவற்றால் மட்டும் வகுங்கள். சரிபார்த்துக்கொள்ள முதல் மூன்றின் விடையைத் தருகிறேன்: 311-க்கு ஈவு 6905092, மீதி 35, 1303-க்கு ஈவு 1648107, மீதி 226, 1489-க்கு ஈவு 1442232, மீதி 199. இடையில் வரும் 1241-ஐ வகுக்க வேண்டாம், அது 17 × 73. எங்காவது மீதி 0 வந்தால் கணக்கு தப்பு. அந்த வரியை மட்டும் திரும்பப் போடுங்கள்.